உங்க சாமி உள்ள வருமா?

என் மார்பில் மையால் கோடு போட்டிருந்தார்கள். சிகிச்சை முடியும் வரை அது அழியக்கூடாது, சோப்புப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோடு தெரியாதபடி சேலையை இழுத்து மூடிக்கொண்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அந்த அக்கா என் கையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "நீங்களும் கரண்டு வைக்கத்தான போறீங்க?" கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அக்கா எறையூர்க்காரர், கரும்பு வெட்டப் போகிறவர். அவருக்குக் கர்ப்பப்பையில் புற்று. அன்றிலிருந்து ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்.

மெஷினுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு மூடும். சில நிமிடங்கள்தான், வலியும் இல்லை. ஆனாலும் அந்த நிமிடங்களை நினைத்து அக்கா வழியெல்லாம் நடுங்குவார். "கரும்புக் கொல்லையில ஒத்தையில நின்னுருக்கேன், பயந்ததில்ல. இந்த ரூமுக்குள்ள போனா மட்டும் கையும் ஓடல, காலும் ஓடல டீச்சர்" என்றவர், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "உங்க சாமி அதுக்குள்ள வருமா?"

"வருவாருக்கா, கூப்பிடுங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது. உண்மையில் நான் அந்த அறைக்குள் அதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன்.

அன்று அக்கா வெளியே வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. "வந்துச்சு டீச்சர்" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. அதுக்கும் பயமா இருந்துச்சு போல. எங்கூடவே நின்னுச்சு."

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு ஒலிவத் தோட்டத்தில் ஆண்டவருக்கு இரத்த வியர்வை வடிந்ததைத் தவக்காலந்தோறும் கேட்டு வளர்ந்தவள் நான். அவருக்கும் பயமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. பைபிளையே தொட்டிராத ஒரு பெண், திருச்சி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதை எனக்குச் சொன்னார்.

நாலாவது வாரம் அக்கா பஸ்ஸுக்கு வரவில்லை. உடம்பு தாங்காது என்று டாக்டர் நிறுத்திவிட்டாராம். போனில் குரல் தேய்ந்திருந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன் டீச்சர். சும்மா பக்கத்துல ஒக்காந்தா போதும்." ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஞாயிறும் வந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எறையூர் பஸ் என் கண்முன்னே கிளம்பிப் போனது. காய்ச்சல் என்று போனில் பொய் சொன்னேன். எனக்கு வரப்போவதை அவர் முகத்தில் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்குள் அக்கா இல்லை.

என் சிகிச்சை முடிந்தது. பரிசோதனைகளில் ஒன்றுமில்லை என்று வந்தது. வரதராஜன்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் நன்றிப் பூசைக்கு அம்மா ஏற்பாடு செய்தார். அதற்கு முன்தினம்தான் நான் எறையூருக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"நீங்க வருவீங்கன்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. கடைசியில, 'பரவால்ல, ஆள் வந்துருச்சு'ன்னுச்சு. யாருமே இல்லயேன்னு நாங்க சுத்திச் சுத்திப் பாத்தோம்."

அந்த வார்த்தை இன்றுவரை என்னை விடவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்கும், கை நின்றுவிடும். சில நாள் அது ஆறுதலாக இருக்கிறது. பல நாள், நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஆண்டவர் உட்கார்ந்திருந்தார் என்ற குற்றச்சாட்டாகவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானோ என்றும் தோன்றுகிறது.

பூசையில் மைக்கைக் கொடுத்தார்கள். சுகம் கிடைத்ததைச் சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "என்னோட பஸ்ல வந்த ஒரு அக்கா செத்துப்போயிட்டாங்க. அவங்க கூப்பிட்டாங்க, நான் போகல. ஆண்டவர் போயிருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "நல்ல நாள்ல இதை ஏண்டி சொன்ன?" என்று அம்மா அழுதார். பூசை வைத்த சாமியார் மட்டும் எழுந்து, அந்த அக்காவுக்காக எல்லோரையும் முழந்தாளிடச் சொன்னார்.

இப்போது கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போகிறேன். சென்ற மாதம் ஆலத்தியூரில், தலைமுடியெல்லாம் கொட்டிப்போன ஒரு பெண் கேட்டாள்: "எனக்குச் சரியாப் போயிருமாக்கா?"

"தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் சுவரோரமாக நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.