வழிந்துபோன நாளுக்குப் பூஜ்யம் கிடையாது

முதலில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் தூசு அடங்கி, பழைய மழைப் பதிவேட்டின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டதும் மூச்சை அடக்கிக்கொள்வதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். நொறுங்குவது ஒரு மாத மழை.

எனக்குக் கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி வேலை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்வரை வேலை கிடையாது, நின்றால்தான் வேலை. அது ஓடுகிற நேரத்தில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு மழை அடிக்கிறேன். மழை அடிப்பது என்றால், பழைய பதிவேடுகளின் போட்டோவைப் பார்த்து, எந்தத் தேதியில் எவ்வளவு மழை என்று கட்டம் கட்டமாக டைப் செய்வது. சென்னையில் ஒரு நிறுவனம் இதை நடத்துகிறது. டைப்பிங், எக்செல் எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றதுதான். பகலில் எனக்குத் தூக்கம் வராது. அதனால் சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, ஒரு அரசாங்க அலுவலகத்தின் பதிவறையில் பக்கங்களைப் போட்டோ எடுக்கிற வேலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். கட்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், எந்த ஆபீஸில் இருந்தாலும் சரி, இதைப் படித்தால் தடவிக்கொள்வீர்கள்.

ஓடிப்போன மழை

என் மனைவியின் தம்பி துறைமுகத்தில் படகு வைத்திருக்கிறான். ஐஸ் ஏற்ற வந்தவன் ஒருநாள் விடியற்காலையில் என் திரையை எட்டிப் பார்த்தான். வானிலை என்றதும் ஆர்வமாகிவிட்டான். "நாளைக்குக் காத்து எப்படி மச்சான்?" என்றான். இது நாளைக்கு இல்லை, வெள்ளைக்காரன் காலத்து ஐப்பசி என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. பழைய மழை தெரிந்தால்தான் எந்த ஊர் எப்படி முழுகும், வடிகால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போட முடியும் என்று நானும் விளக்கினேன். ஐஸ் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே கேட்டான். போகும்போது திரும்பி நின்று சொன்னான்: "பேஞ்ச மழை ஓடி வந்து எங்க கடல்ல சேந்தாச்சு மச்சான். நீ என்னமோ அதத் திருப்பிக் கூப்புடுற மாதிரி உக்காந்திருக்க."

மின்விசிறி கூடாது

சிதம்பரம் பதிவறைக்குப் பொறுப்பு கலியமூர்த்தி அண்ணன். நல்ல மனுஷன், ஆனால் மின்விசிறி போட விடமாட்டார். போட்டால் பக்கம் பறந்துவிடும், பறந்தால் தூளாகிவிடும். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வியர்வை காகிதத்தில் சொட்டாமல் குனிந்து போட்டோ எடுப்பது ஒரு தனி யோகாசனம். ஒருமுறை மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தே விட்டது. மழையே பெய்யாத ஒரு பங்குனியில். "அந்த வருசம் பங்குனி காஞ்சு கெடந்துச்சுன்னு எழுதியிருக்கான். நீ நனைச்சு வுட்றாத" என்றார்.

அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்பதையும் அன்றுதான் சொன்னார். பதிவேடுகள் பழைய காகிதக் கடைக்குப் போகும். அதற்குள் நாங்கள் எடுத்தது எடுத்ததுதான். போட்டோ இருக்கும், சரி. ஆனால் நாளைக்கு யார் போட்டோவைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும் எடுத்துக்கொள்ளப் போவது நாங்கள் அடித்து வைத்த எண்ணைத்தான். மேலதிகாரியிடம் பேசிக் கொஞ்சம் தவணை வாங்கக் கூடாதா என்று அண்ணனைக் கேட்டேன். அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "நான் பூட்டுக்குத்தான் அதிகாரி தம்பி, அறைக்கு இல்ல."

ஒரு கட்டம் மேலே

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. எனக்கு ஜோடி லால்பேட்டையில் வீட்டிலிருந்தே அடிக்கிற மும்தாஜ். ஒருநாள் ஒரு மாதம் முழுக்க சிவப்பாக வந்தது. பார்த்தால், எண்ணெல்லாம் ஒன்றுதான், மும்தாஜ் எல்லாவற்றையும் ஒரு நாள் மேலே தள்ளி அடித்திருந்தார். மழைமானியைப் பார்ப்பது காலையில். முந்தின நாள் காலையிலிருந்து பெய்ததெல்லாம் பார்த்த தேதியில்தான் ஏறும். அது முறை. அதைச் சரி பண்ணுவதாக நினைத்து, பெய்த நாளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போனில் பேசினேன். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை அடிப்போம், நியாயம் சொல்வது நம் வேலை இல்லை என்றேன். ஒத்துக்கொண்டார். ஒரு கட்டம் கீழே இறக்கினார். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் கேட்டார்: "சரிண்ணே, ஆனா நேத்து சாயங்காலம் நனைஞ்சவன்கிட்ட நீ இன்னிக்குக் காலையிலதான் நனைஞ்சன்னு சொன்னா ஒத்துக்குவானா?"

வழிந்துவிட்டது

அப்புறம் அந்தப் பக்கம் வந்தது. புயல் அடித்த ஒரு கார்த்திகை. மழை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு தேதியில் எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில், பாத்திரம் வழிந்துவிட்டது, அளக்க முடியவில்லை என்று கிறுக்கல் எழுத்தில் ஒரு வரி. அந்த ஆள் அந்த மழையில் வெளியே போய்ப் பார்த்திருக்கிறார். அதுவே பெரிசு.

எங்கள் சாஃப்ட்வேர் எழுத்தை வாங்காது. காலியாக விட்டாலும் வாங்காது. கட்டம் சிவப்பாக நிற்கும், அந்தப் பக்கம் சேர்ந்த கட்டு முழுவதும் எங்களிடமே திரும்பி வந்துவிடும். சென்னையில் எங்களை மேய்க்கிற விக்னேஷ் நல்ல தம்பி, அவனைக் குறை சொல்ல மாட்டேன். போன் பண்ணி, பூஜ்யம் போட்டு அனுப்பிவிடச் சொன்னான். பூஜ்யம் என்றால் ஒருத்தர் போய்ப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை என்று அர்த்தம் தம்பி, இங்கே பாத்திரமே கொள்ளாத மழை, அந்த நாளையே வெயில் நாளாக்கச் சொல்கிறாயே என்றேன். முடியாது என்றும் சொன்னேன். முடியாவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று அவனும் மறைக்காமல் சொன்னான். கடைசியில் அலுத்துப்போய்க் கேட்டான்: "ஒரே ஒரு பூஜ்யம் சார். அது யாரை என்ன பண்ணப் போவுது?"

கடலூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது. வெள்ளத்தில் என் வீட்டு பீரோ மிதந்ததைப் பார்த்தவன் நான். இங்கே இவ்வளவு தண்ணி வராது சார் என்று யாரோ ஒரு பழைய கணக்கைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள், அந்தக் கணக்கில் எத்தனை பூஜ்யம் இப்படி வந்ததோ.

இடுப்பளவு

நான் காலியாக விட்டேன். மும்தாஜ் பூஜ்யம் போட்டால், மூன்றாவதாக ஒருத்தர் பார்த்து முடிவு செய்வார். அவரும் பூஜ்யம்தான் போடுவார். அதற்காக மும்தாஜை என்னோடு சேர்ந்து நிறுவனத்திடம் முறைத்துக்கொள்ளச் சொல்ல முடியுமா? எனக்கு ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது. அவருக்கு இது ஒன்றுதான், மகள் காலேஜில் படிக்கிறாள். நானே போன் பண்ணி, நீங்க பூஜ்யம் போட்டுடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏரி ஒடைஞ்சு எங்க வீட்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி நின்னுச்சுன்னு எங்க மாமியார் இன்னும் சொல்லுவாங்க. பூஜ்யம் போட்டுட்டு அவுங்களுக்கு எப்புடிண்ணே நான் சோறு போடுறது?"

சிவப்புக் கட்டம்

இரண்டு பேருமே காலியாக விட்டோம். கட்டு திரும்பி வந்தது. மறுபடி அப்படியே அனுப்பினோம். மறுபடி திரும்பியது. பிறகு அந்தக் கட்டிலிருந்து எங்கள் இருவரையும் எடுத்துவிட்டார்கள். புதிதாக இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். யார், எந்த ஊர், எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஃபேக்டரியில் கம்ப்ரசர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் ஓடவில்லை. அந்த நாள் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கிடையில் பதிவேடும் மற்றதோடு சேர்ந்து லாரியில் ஏறிவிட்டது. நான் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அந்த லாரி என்னைத் தாண்டிப் போனது, மேலே தார்ப்பாய் கூடப் போடவில்லை.

சில வாரம் கழித்து விக்னேஷ் கூப்பிட்டான். குரலில் பாதி கோபம், பாதி என்னவென்று தெரியவில்லை. புது ஆட்கள் இருவரும் மற்ற எல்லாத் தேதியும் ஒழுங்காக அடித்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பூஜ்யம் போடச் சொல்லியும் போடவில்லையாம். நான்தான் தூண்டிவிட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, சத்தியமாக எனக்கு அவர்கள் பேர்கூடத் தெரியாது என்றேன். ஒருத்தர் நாகப்பட்டினம் பக்கமாம், இன்னொருத்தர் பிச்சாவரம் பக்கமாம். அவன் பெருமூச்சு விட்டான். "மேல எழுதியிருக்கேன் சார். கட்டத்துல எழுத்தும் வாங்குற மாதிரி மாத்தச் சொல்லி. மாத்துவாங்களா தெரியாது. உங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் மழைன்னா ஏன் சார் இவ்வளவு கோவம் வருது?"

அந்தக் கட்டம் இன்றைக்கும் சிவப்பாகத்தான் நிற்கிறது. தப்பாகப் பச்சை ஆவதற்குப் பதில் அது சிவப்பாகவே இருக்கட்டும்.

மழை அடிக்கிற தொழிலில் எனக்கு மிஞ்சிய படிப்பு, பூஜ்யத்தைக்கூட ஒருத்தர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும் என்பது மட்டும்தான். இப்போது கொடுத்திருப்பது ஒரு சித்திரை மாதம், ஒரு சொட்டு கிடையாது, ஆனால் தினமும் அந்த ஆள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒன்றாம் தேதிக்குப் பூஜ்யம் அடித்தேன், இரண்டாம் தேதிக்குப் போனேன்.