சாமிக்கு இழுத்த சுருட்டு

அப்பா தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவருடைய இருமல் வீட்டுக்குள் வந்துவிடும். முதலில் தொண்டையைச் செருமும் சின்னச் சத்தம், பிறகு நெஞ்சுக்குள் எதையோ உருட்டுவது போல நீளமாக ஒன்று, கடைசியில் காறித் துப்பும் ஓசை. இந்த மூன்றும் கேட்டதும் நானும் தம்பியும் "அப்பா வாராரு" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவோம், அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். கோச்சடையில் நாங்கள் குடியிருந்த சந்தில் மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் அப்பாவின் சைக்கிள் மணியோ செருப்புச் சத்தமோ அடையாளமாக இருந்திருக்கும். எங்களுக்கு அந்த இருமல்தான். அது ஒரு நோயின் சத்தம் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் குரலோடு கூடவே பிறந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்பா பைபாஸ் ரோட்டோரம் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். கிரீஸ் வாடையும் பீடி வாடையும் ஊறிப்போன அவருடைய காக்கிச் சட்டையை அம்மா எத்தனை முறை துவைத்தாலும் கிரீஸ் வாடை மட்டும்தான் போகும். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சும்மா நிற்கிறவனை முதலாளி வைவார்; பீடியோடு நிற்கிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "ஒரு பீடியப் போட்டுட்டு வாரேன்" என்பதுதான் அங்கே ஓய்வு கேட்கும் முறை. பீடி பிடிக்காதவனுக்கு உட்காரக்கூட நேரம் கிடைக்காது என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படித்தான் பழகியிருக்கிறார், மீசை முளைக்கும் வயதில், கொஞ்ச நேரம் நிழலில் நிற்பதற்காக.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் மழைக்காலத்தில் பிடித்த சளி அப்பாவுக்குத் தை பிறந்தும் விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், நுரையீரலுக்குள் காற்றுப் போகும் சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கிவிட்டன, கெட்டது கெட்டதுதான், அது திரும்பாது, இப்போதே பீடியை விட்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். விடாவிட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் புற்றுநோயும் வரிசையில் நிற்கின்றன என்றும் சொன்னாராம். அப்பா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. கூடப் போயிருந்த தம்பிக்கு மூச்சு இளைப்பதைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள வச்சுப் பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டதுதான் அவரைச் சாய்த்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் மூச்சு விடுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு மாத்திரையில் நம்பிக்கை பாதி, சாமியில் முழுசு. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், பருத்திக்காட்டுக்கு நடுவே ஒரு வேம்படியில் இருக்கும் எங்கள் குலசாமி முனியிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, "இனி தொட மாட்டேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். மிச்சமிருந்த பீடிக்கட்டை அங்கேயே கொளுத்திவிட்டு வந்தார்கள்.

அந்தப் பங்குனி இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. வெளியே வெயில், வீட்டுக்குள் அப்பா. தலைவலி, தூக்கமின்மை, கை நடுக்கம், தொட்டதற்கெல்லாம் கோபம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டுப் பறக்கும். உடனே அவரே எழுந்து அதைப் பொறுக்கிவிட்டு, "என்னமோ செய்யுதுடி" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பீடிக்கட்டு இருந்த சட்டைப் பையில் அம்மா ஏலக்காயும் கிராம்பும் முடிந்து வைத்திருந்தாள். பிடிக்கத் தோன்றும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சந்தில் மேலும் கீழும் நடப்பார். இதில் கொடுமை என்னவென்றால், பீடியை விட்டதும் இருமல் குறையாமல் கூடியது. "பழகுன ஒடம்பு, திடுதிப்புனு விட்டா தாங்காது மதினி, ஒரு நாளைக்கு ஒண்ணாவது குடுங்க" என்று அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அம்மாவிடம் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அம்மா பயந்துபோய் மறுபடி டாக்டரிடம் ஓடினாள். இத்தனை வருடமாக உள்ளே அடைந்து கிடந்ததை நெஞ்சு இப்போதுதான் வெளியே தள்ளுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

பொறுத்தோம். இருமல் மெல்ல மெல்ல அடங்கியது. சித்திரை கழிந்த பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து, "இன்னைக்குக் கொழம்புல என்ன போட்ட?" என்றார். "எப்பயும் போடுறதுதான் போட்டேன்" என்றாள் அம்மா. அப்பா அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டார். அம்மாவின் கைப்பக்குவம் அவருக்குக் கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்தது என்று நாங்கள் பின்னாளில் அவளைக் கேலி செய்வதுண்டு. வைகைப் பாலத்து ஏற்றத்தில் எப்போதும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னாலும் தம்பியை முன்னாலும் வைத்து இறங்காமலே மிதித்து ஏறினார். உச்சிக்குப் போனதும் காலை ஊன்றி நின்று, "பாத்தியாத்தா, ஒங்கப்பன?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சிறுவயதில் அவ்வளவு சந்தோஷமான அப்பாவை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஆடியில் குலசாமிக்குப் படையல் வந்தது. கிடா, பொங்கல், சாராயம், கடைசியாகச் சுருட்டு. எங்கள் முனிக்குச் சுருட்டைக் கனியவைத்துத்தான் படைக்க வேண்டும். அதைப் பற்றவைக்கும் பாத்தியம் பங்காளிகளில் மூத்த வீட்டு ஆணுக்கு. அதாவது அப்பாவுக்கு. சுருட்டு நெருப்பில் காட்டினால் மட்டும் பற்றிக்கொள்ளாது. வாயில் வைத்து, கன்னம் குழிய இழுத்து இழுத்து, நுனி சிவந்த பிறகு சாமிக்கு முன்னால் இருக்கும் செங்கல் மேல் வைக்க வேண்டும். அப்பா சுருட்டைக் கையில் வாங்கினார், வாயில் வைக்கவில்லை. கையில் கறுப்புக் கயிறு இருந்தது. சித்தப்பாதான் சொன்னார்: "என்னண்ணே யோசிக்கிறீக? சாமிக்கு இழுக்குறதெல்லாம் கணக்குல வராது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்ன செய்வாள்? புகையை விட வை என்று எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டாளோ, அதே சாமிதான் இப்போது புகை கேட்கிறது. மாட்டேன் என்றால் சாமி குற்றம், சரி என்றால் வாக்கு போச்சு. கூட்டமே காத்துக்கொண்டிருந்தது. "சாமிக்குத்தானங்க" என்று அம்மா மெதுவாகச் சொன்னதை, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன். அப்பா இழுத்தார். ஒருமுறை, இன்னொருமுறை, சுருட்டு கனியும்வரை. கண்ணை மூடிக்கொண்டு அவர் அந்தப் புகையை உள்ளே வைத்திருந்ததையும், வெளியே விடுவதற்கு யோசித்ததையும் பார்த்தேன்.

ஆவணி முடிவதற்குள் தெருமுனையில் பழைய இருமல் கேட்டது. தம்பி "அப்பா வாராரு" என்று ஆசையாக ஓடினான். அம்மா தோசைக்கல்லைப் போடாமல் அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பீடி வாடையோடு உள்ளே வந்த அப்பா கயிற்றைத் தானே அறுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "சாமிகிட்டயே பொய்யாப் போச்சு. இனி எந்த மொகத்தோட அங்க போயிக் கேக்குறது?" என்றார். திரும்ப முயற்சி செய்யலாம், விட்டுத் தொட்டவர்கள் மறுபடி விடுவது உலகத்தில் சாதாரணம் என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வாக்கு ஒருமுறைதான் கொடுக்க முடியும் என்று நம்பிய மனிதர் அவர். ஆனாலும் ஒவ்வோர் ஆடியிலும் அவர்தான் சுருட்டைப் பற்றவைத்தார்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாலத்தில் மறுபடி இறங்கித் தள்ளினார். பிறகு சைக்கிளையே விட்டார். பிறகு மாடிப்படியை, பிறகு தெருவை. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்த பிறகு, ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்கக் காற்று இருக்காது. பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை நீ புரிந்துகொள் என்பது போல என்னைப் பார்ப்பார். கடைசிக் காலத்தில் அவர் பீடி பிடிக்கவில்லை. இழுக்க மூச்சு இல்லை.

அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. தம்பி பீடி சிகரெட் பக்கமே போகாமல் வளர்ந்தான், வருடத்துக்கு ஒருமுறை சாமிக்குப் பற்றவைப்பதைத் தவிர. இப்போது வளைகுடாவில் வேலை. அவன் மகன் கதிர் ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரியில் படிக்கிறான். அங்கேதான் என் வீடும் என்பதால் என்னோடு தங்கியிருக்கிறான். போன மார்கழியில் அவன் அறையைப் பெருக்கப் போனபோது மாம்பழ வாசனை அடித்தது. மார்கழியில் ஏது மாம்பழம்? பீடி வாடையை மூன்று வீடு தள்ளிக் கண்டுபிடிக்கிற மூக்கு என்னுடையது. இந்த வாசனையில் ஏமாந்துபோனேன். அடுத்த முறை, சார்ஜரில் பேனா போல ஒன்று சொருகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. "இது வெறும் ஆவி அத்தை, தாத்தா பிடிச்ச பீடி மாதிரி இல்ல" என்றான். நம் நாட்டில் தடை செய்யப்பட்ட அந்த மின்சிகரெட் அவனுக்கு எப்படியோ கிடைத்திருக்கிறது. "அப்ப ரெண்டு நாளைக்கு அதத் தொடாம இரு, பாப்போம்" என்றேன்.

இருக்க முடியவில்லை. அவன் கையில் நடுக்கத்தைப் பார்த்தேன், கோபத்தைப் பார்த்தேன். வாசனைதான் பழம், உள்ளே இருந்தது அப்பாவைப் பிடித்த அதே நிக்கோடின். இரண்டாம் நாள் அவனே வந்து, "என்னால முடியல அத்தை" என்றான். அரசு மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கென்று இருக்கும் ஆலோசனைப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த ஆலோசகர் அம்மா அவனைத் திட்டவில்லை. அந்த ஆவியும் நுரையீரலைப் புண்ணாக்கும், இதயத்தைப் படபடக்க வைக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு நாளைக் குறித்துக்கொள், அந்தச் சாமானை உடைத்துப் போடு, கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடு என்றார். ஆசை எழும்பினால் சில நிமிடம்தான் நிற்கும், அந்த நேரத்தைத் தண்ணீர் குடித்தோ நடந்தோ யாரிடமாவது பேசியோ கடத்து என்றார். ஏலக்காய் முடிச்சும் சந்தில் நடந்த நடையும் என் நினைவுக்கு வந்தன. பாவம், என் பெற்றோர் பாதியைத் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். மிச்சப் பாதிதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அதை அந்த ஆலோசகர் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுன்னு நெனைக்காத, அந்த ஒண்ணுதான் திரும்பக் கூட்டிட்டுப் போகும். தப்பித் தொட்டுட்டா அன்னைக்கே மறுபடி விடு. தோத்துட்டேன்னு ஒக்காந்துராத." கதிர் கொஞ்சகாலம் டாக்டர் எழுதிக் கொடுத்த நிக்கோடின் சூயிங்கம்மை மென்றான். ஒருமுறை நண்பர்களோடு போய்த் தொட்டுவிட்டு வந்து, மறுபடி விட்டான்.

இந்த ஆடிக்குத் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. மூத்த வீட்டு ஆண் என்ற முறையில் சுருட்டு கதிரின் கைக்கு வந்தது. இப்போது தலை நரைத்துப் போயிருக்கும் சித்தப்பா, அதே வேம்படியில் நின்று, "இழுடா, சாமிக்கு இழுக்குறது கணக்குல வராது" என்றார். சொல்கூட மாறவில்லை. நான் குறுக்கே புகுந்து தடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கதிர் அத்தனை பங்காளிகளுக்கு முன்னால், கொஞ்சம் குரல் நடுங்க, "தாத்தா, நான் இப்பத்தான் விட்டிருக்கேன். இத இழுத்தா திரும்ப ஆரம்பிச்சிருவேன். என்னால முடியாது" என்றான்.

எங்கள் வகையறாவில் அந்த இடத்தில் நின்று ஓர் ஆண் 'என்னால் முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். சித்தப்பா அவனையே பார்த்தார். பிறகு சுருட்டைத் தானே வாங்கிச் சூடத் தட்டில் காட்டினார். நுனி கருகியது, அணைந்தது. மறுபடி காட்டினார், மறுபடி அணைந்தது. வேறு யாரும் கை நீட்டவில்லை. "போதும், சாமிக்கு வேணுமின்னா பத்த வச்சுக்கிரும்" என்று சொல்லிக் கனியாத சுருட்டை அப்படியே செங்கல் மேல் வைத்தார்.

அன்று மாலை பிரசாதத்தோடு கோச்சடைக்கு, அம்மாவிடம் போனோம். பைபாஸில் அந்த லாரிப் பட்டறை இல்லை, பெரிய ஷோரூம் ஒன்று இருக்கிறது. எங்கள் சந்தில் மண்தரை போய் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். கதிர் பைக்கை நிறுத்தப் போன நேரத்தில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒங்கப்பா என்னத்தான் பாத்தாகத்தா. வேணாம்னு சொல்லுவேன்னுதான் பாத்தாக" என்றாள். அவள் கண் வாசலிலேயே இருந்தது. ஆனால் வயதில் பார்வை மங்கிவிட்டதால், கதிர் உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்து கையைத் தொட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திடுக்கிட்டு அவன் நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"எப்படா வந்த? சத்தமே கேக்கலையே" என்றாள்.