பலகையக்கா நாடகம் பார்த்த சாயங்காலம்

ஊரில் எங்காவது கண்ணாடி உடைந்தால் முதலில் போலீஸைக் கூப்பிடுவார்கள்; அடுத்தது பலகையக்காவை. பதற்றத்தில் சிலர் வரிசையை மாற்றிவிடுவதும் உண்டு. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "போலீஸ் வந்து பார்க்கட்டும், அதுக்குள்ள நானும் வந்து சேர்ந்துடுறேன்" என்பாள்.

காற்று ஜன்னலைப் பிய்த்துப் போட்டாலும், திருடன் கதவை உதைத்து உடைத்தாலும், யாராவது காரைக் கடைக்குள் ஓட்டிவிட்டாலும், புதுக் கண்ணாடி வந்து மாட்ட ஒரு வாரமாவது ஆகும். அதுவரை அது திறந்த வீடு. நாயும் நுழையலாம், நரியும் நுழையலாம். அந்த இடைவெளியை ப்ளைவுட் பலகையால் அடைத்துக்கொடுப்பதுதான் அவள் தொழில்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் ஒரு கிடங்கில் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையின் ஷட்டரை யாரோ நெம்பிவிட்டார்கள். கடைக்காரர் கடையை விட்டுப் போகவும் முடியாமல், அங்கேயே நிற்கவும் முடியாமல், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாசலில் நின்றார். இவள் கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பேச்சு வார்த்தை எதுவும் இல்லாமல் அடித்து முடித்தாள். கடைக்காரர் பலகையைத் தட்டிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அதை ஊரே பார்த்தது. அடுத்த வாரமே வேறொருவர் வந்து அவள் கதவைத் தட்டினார். அப்படியே வேன் வந்தது, டிரில் வந்தது, பலகையின் மறுமுனையைப் பிடிக்க நாத்தனாரும் வந்தாள்.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. ஆள் வாட்டசாட்டம். ஆள் வருவதற்கு முன்னாடி குரல் வரும். போன் அவள் இலாகா. "அழாதீங்க. முதல்ல காலுக்குச் செருப்பு போடுங்க. போட்டாச்சா? இப்ப அழுங்க, நாங்க கிளம்பிட்டோம்" என்று அவள் சொல்வதைக் கேட்டு, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

தொழில் தொடங்கிய புதிதில் இருவரும் ஒரு பெரிய தப்பு செய்தார்கள். தையற்கடையின் முகப்புக் கண்ணாடி காற்றில் போயிருந்தது. தையற்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். இவர்களும் ஜன்னலையும் கதவையும் கச்சிதமாக அடைத்துவிட்டுப் போனார்கள். மனிதரோ உள்ளே, துணி வெட்டும் மேஜைக்கு அடியில், துணிக்குவியலின் மேல் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தரம் விழித்தவர், கும்மிருட்டைப் பார்த்து இன்னும் விடியவில்லை என்று மறுபடி படுத்துவிட்டார். மறுநாள் அவர் மனைவி தலைதெறிக்க ஓடி வந்து பலகையைக் கழற்றச் சொன்னபோது, சோம்பல் முறித்துக்கொண்டே வெளியே வந்தார். "இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருஷமாச்சும்மா" என்றார். கடைசிப் பலகையை வைப்பதற்கு முன் உள்ளே தலையை நீட்டி "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கூப்பிடும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

இந்தத் தையற்காரர்தான் ஊர் நாடகக் குழுவை நடத்துகிறவர். உடை தைப்பதும் அவரே, வசனம் எழுதுவதும் அவரே. இந்த வருடம் ஒரு ராஜா கதை போட்டார். அதில் கோட்டைக் காவலன் வேஷம் பலகையக்காவின் கணவருக்குக் கிடைத்தது.

கணவர் பஸ் டிரைவர். அதிர்ந்து பேசாதவர். இத்தனை வருடங்களாக அவர் பின்னால் உட்கார்ந்து போன ஊருக்கு அவருடைய பிடரி தெரியும், முகம் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நாடகத்துல ஒரு வேஷம் இருக்காம், வரியான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்" என்றார். அவளுக்குப் புரையேறியது. ஒரு காட்சி, ஒரே வசனம். அந்த ஒரு வசனத்தையும் வீட்டில் சொல்லிக் காட்ட மாட்டார். டெப்போவில் நிற்கும் காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்.

அவளுக்கு உள்ளூர ஒரே பயம். ஊர் முன்னால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால்? யாராவது சிரித்துவிட்டால்? எத்தனையோ உடைந்த வாசல்களைப் பார்த்தவள்தான். கணவர் மேடையில் திக்கி நிற்பதைப் பார்க்க மட்டும் தைரியமில்லை. "அன்னிக்கு எனக்கு வேலை இருக்கும்ங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த "சரிம்மா" அவள் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நாடகத்தன்று மதியம் நாத்தனாரின் போன் அடித்தது.

"அண்ணி, கிளம்புங்க. மன்றத்து வாசலுக்குள்ள லாரி பூந்துடுச்சாம்."

"எந்த மன்றம்?"

"ஊர்ல எத்தனை மன்றம் இருக்கு? நம்ம அண்ணன் நடிக்கிற மன்றம்தான்."

மேட்டில் நிறுத்திய மெத்தை லாரி அது. டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பிரேக் விட்டுவிட, ஆளில்லாமல் மெதுவாக உருண்டு வந்து மன்றத்து முகப்பில் முட்டி நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கண்ணாடிக் கதவு, இருபுறத்து உயரமான ஜன்னல்கள், எல்லாம் தூள். முகப்புத் தூண் ஒன்றில் விரிசல். படிக்கட்டு நெடுக மெத்தைகள். அதில் ஒன்றின் மேல் லாரி டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கட்டடம் பல் கொட்டிய வாயாக இளித்துக்கொண்டு நின்றது.

தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "பாத்தியாம்மா, இந்தத் தடவை நான் வெளியதான் நிக்கிறேன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், கண் கலங்கியிருந்தது.

நகராட்சி இன்ஜினியர் தூணைச் சுற்றி வந்து பார்த்தார். ஆட்களை வைத்து இரும்பு முட்டுக் கொடுக்கச் சொன்னார். "முன்பக்கம் முழுசா அடைக்கணும். ஜனங்க ஒருத்தர்கூட இந்த வழியா வரக்கூடாது. மத்தபடி கட்டடத்துக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்ப நாடகம்?" தையற்காரரின் குரல் கீச்சென்றது.

"வேற வழி இருந்தா நடத்துங்க. எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல."

வேறு வழி ஒன்று இருந்தது. மேடைக்குப் பின்னால், திரைச்சீலைகளையும் சிம்மாசனத்தையும் ஏற்றி இறக்க, யானை நுழையும் அகலத்தில் ஒரு கதவு. ஆனால் அதன் வழியாக வந்தால் நேரே மேடையில்தான் வந்து நிற்க வேண்டும்.

பலகையக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். அவளுக்கு நியாயமாக ஒரு சாக்குக் கிடைத்திருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாடகமும் நின்றுவிடும், பயமும் விட்டுவிடும். ஆனால் காலியான ஒரு பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து ஒற்றை வசனத்தை முணுமுணுக்கும் ஒரு பிடரி அவள் கண்ணில் வந்து நின்றது.

"ஜனங்க மேடை மேல ஏறியே வரட்டும்" என்றாள். "மேடையிலேர்ந்து கூடத்துக்கு இறங்க நான் பலகையில சரிவு போட்டுத் தர்றேன். சக்கர நாற்காலிகூட இறங்கும். முன்பக்கத்தையும் சாயங்காலத்துக்குள்ள அடைச்சுடுறேன்."

இன்ஜினியர் மேடைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கதவு ரெண்டு பக்கமும் திறந்தே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். "இப்படி ஒரு நாடகத்துக்கு எனக்கும் ஒரு இடம் வைங்க."

மேடையிலிருந்து சரிவைப் போட்டு முடித்ததும் முகப்பில் வேலை தொடங்கியது. முதலில் சட்டத்தின் மேல்விளிம்பில் தொங்கிய கண்ணாடித் துண்டுகளை, தடித்த கையுறையோடு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கீழே இருப்பதை முதலில் தொட்டால் மேலே இருப்பது தலையில் இறங்கும். பிறகு கூட்டிப் பெருக்கி, அளவெடுத்து, பலகை அறுத்தார்கள். அவள் கணக்கில், ஆணி அடித்து மூடுவது அவசரக்காரன் வேலை; சட்டமே பாழாகிவிடும். வெளியே பலகை, உள்ளே குறுக்குக்கட்டை, இரண்டையும் கோக்கும் நீள போல்ட். நட்டு உள்ளேதான் இருக்கும், வெளியே நிற்கிறவன் என்ன தலைகீழாக நின்றாலும் கழற்ற முடியாது. நாத்தனார் வெளியே நின்று பலகையைத் தாங்கிப் போல்ட்டைச் செருக, இவள் உள்ளே நின்று முறுக்கிக்கொண்டே வந்தாள். லாரி டிரைவரும் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

கடைசிப் பலகை வாசற்கதவுக்கு. பழக்கதோஷத்தில் அவள் கூடத்துக்குள் திரும்பி, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

"இருக்கேம்மா" என்றது ஒரு குரல்.

கூடத்து வாசலில் ஒரு காவலன் நின்றான். தங்கக் காகிதம் ஒட்டிய மார்க்கவசம், கையில் ஈட்டி, காதுவரை முறுக்கிய மீசை. அவளுக்கு ஆளை அடையாளம் தெரியவே ஒரு நொடி பிடித்தது.

"நீங்களா?"

"தண்ணி கொண்டுவந்தேன். மதியத்துலேர்ந்து நீ ஒண்ணுமே குடிக்கல" என்று செம்பை நீட்டினார். மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து ஆடியது. அவள் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டிவிட்டாள்.

"கிளம்பறியா?" என்றார்.

"இது முடிஞ்சதும்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, ஈட்டி கதவில் இடிக்காமல் சாய்த்துப் பிடித்தபடி போனார்.

கூட்டம் பின்பக்கமாக வரத் தொடங்கியது. இதுவரை நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்த ஊர், முதன்முறையாக மேடையில் நடந்தது. வரைந்த அரண்மனைத் தூண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் சிம்மாசனத்தைக் கடக்கும்போது ஒரு கும்பிடு போட்டார். ஒரு குழந்தை அதில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றது. வரிசை நடுமேடையில் தேங்கியபோது காவலன் ஈட்டியை உயர்த்தி, கண்டக்டரின் வாயிலிருந்து நாள்தோறும் தன் காதில் விழுந்ததையே சொன்னார்: "நிக்காதீங்க, முன்னாடி நகருங்க, முன்னாடி நிறைய இடமிருக்கு."

ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். "அட, நம்ம டிரைவரு! ஏன்யா, உனக்கு முகம்கூட இருக்கா?" என்றார். கூடமே சிரித்தது. காவலனும் சிரித்தார்.

முகப்புக் கூடத்தில் பலகையக்கா கடைசி நட்டை முறுக்கி முடித்து, ஸ்பானரை இடுப்புப் பையில் செருகி, வெளியே போகத் திரும்பினாள். அப்போதுதான் உறைத்தது. வாசலை அடைத்துவிட்டாள். ஜன்னல்களையும் அடைத்துவிட்டாள். அவளே போட்ட பலகை. ஓர் எறும்புக்குக்கூட இடைவெளி இல்லை. வெளியே போக வேண்டுமென்றால் மேடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேடையில் முரசு கொட்டி ராஜா வந்தாகிவிட்டது.

அந்நேரம் பின்பக்கமாகச் சுற்றி ஓடி வந்திருந்த நாத்தனார், கடைசி வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊரையெல்லாம் அடைச்சீங்க அண்ணி, இப்ப உங்களையே அடைச்சுக்கிட்டீங்க. வந்து உக்காருங்க" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

தலையெல்லாம் மரத்தூள், முழங்கையில் சிராய்ப்பு. அப்படியே உட்கார்ந்தாள். ராஜாவாக நடித்தவர் கறிக்கடைக்காரர். குரல் மன்றத்தைத் தூக்கியது. எதிரிப் படை நெருங்குகிறது என்று மந்திரி நடுங்கினார். காவலன் ஓடி வந்து மண்டியிட்டார். பலகையக்கா நாத்தனாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னா, கோட்டை வாசலை அடைத்துவிட்டோம்! இனி ஓர் ஈகூட உள்ளே நுழைய முடியாது!"

திக்கவில்லை, திணறவில்லை, கணீரென்று வந்தது. பிறகு மேடை ஏறி இறங்கி வந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் புரிந்தது. சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்வரிசைக்கு உருண்டது. கைதட்டல் நிற்கவே இல்லை. தையற்காரர் ஓரத்திலிருந்து 'வந்துடு, வந்துடு' என்று சைகை காட்டினார். காவலன் வரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, எழுதாத ஒரு வசனத்தைச் சொன்னார்.

"அடைத்தது என் வீட்டுக்காரி, மன்னா."

கறிக்கடைக்காரர் மீசையைத் தடவினார். "அப்படியென்றால் நான் போய்த் தூங்கலாம்" என்றார்.

அதற்கப்புறம் போர் நடந்ததும், ராஜா ஜெயித்ததும் யார் காதிலும் சரியாக விழவில்லை. பலகையக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைத் துடைக்கப் போய் மரத்தூள் கண்ணில் விழுந்தது. அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு மரத்தூளால் வந்தது என்று நாத்தனார் கேட்கவில்லை.

முடிவில் தையற்காரர் மேடையேறி, நாளைக்கும் நாடகம் உண்டு என்று அறிவித்தார். கலையும்போதும் எல்லோரும் மேடை ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அவள் முறை வந்தபோது கைதட்டல் மறுபடி கிளம்பியது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்தாள்.

வேனில் கணவர் நடுவில் உட்கார்ந்தார். ஈட்டியின் முனை ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனபின், "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. மண்டி போட்டப்ப கால் வலிச்சிருக்குமே?"

"வலிச்சுது."

"நாளைக்குக் கீழ ஒரு துணி வச்சுக்குங்க. நான் மடிச்சுத் தர்றேன்."

"நாளைக்கும் வேலை இருக்குமே உனக்கு?"

"அதை உங்க தங்கச்சி பார்த்துப்பா."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தங்கச்சி, "பார்ப்பா, பார்ப்பா" என்று ஹாரனை ஒரு தரம் அழுத்தினாள்.

கண்ணாடி வந்து சேரும்வரை ஒவ்வொரு மாலையும் நாடகம் நடந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட மேடையில் நடக்க வேண்டுமென்றே வந்தார்கள். மெத்தை லாரி டிரைவர் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் வேலையை முடித்த பிறகு மன்றத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள்: முன்வாசல் சரியாகிவிட்டது, சரி, ஆனால் ஜனங்கள் பின்வாசலைத்தான் கேட்கிறார்கள், என்ன செய்வது? அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.