நான் நிறுத்திய எஸ்கலேட்டர்

1. மலேசியாவில்

கோலாலம்பூரில் ஒரு ஷாப்பிங் மாலில், ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த எஸ்கலேட்டரைப் பட்டனை அமுக்கி நிறுத்தியவன் நான். ஓசூரில் பலருக்கு என்னை அந்த வீடியோவை வைத்துத்தான் தெரியும். எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக, வீடியோவில் இல்லாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இருபத்தைந்து வருட சர்வீஸுக்காகக் கம்பெனியில் மலேசியா டூர் கொடுத்தார்கள். ஒருவருக்கு மட்டும். நான் பத்தாவது வரை படித்தவன், புது ஆட்கள் முன்னால் வாய் திறக்காதவன். தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "பேசலன்னா என்னா, பாக்கத்தானே போறீங்க" என்று மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள்.

சின்னக் குழு அது. மற்றவர்கள் எல்லாம் கணவன் மனைவியாக வந்திருந்தார்கள். தனி ஆள் நான் மட்டும்தான். கூட்டிப்போனவர் அத்திப்பள்ளிக்காரர் நவீன். முதல் நாளே, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்யும் ரவி, தன்னையும் மனைவி கவிதாவையும் போட்டோ எடுக்கச் சொல்லிப் போனை நீட்டினார். பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள். எனக்குச் சந்தோஷம். கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் தெரியாது.

அந்த மாலிலும் ரவியும் கவிதாவும் இறங்கி வருவதை எடுக்க நான் முன்னதாகவே கீழே போய் நின்றேன். பக்கத்தில் நவீன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கவிதாவின் முந்தானை படியின் ஓரத்தில் புரண்டது. கீழே படிகள் உள்ளே போகும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஷாப்பில் முதலில் சொல்லித்தருவது இதுதான். ஓடுகிற பெல்ட்டில் துணி மாட்டுவதுபோலத் தெரிந்தால் யோசிக்காதே, சிவப்பு பட்டனை அமுக்கு, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எஸ்கலேட்டரின் அடியிலும் அதே மாதிரி ஒரு சிவப்பு பட்டன் இருந்தது. என் கை அதைத்தான் செய்தது.

எஸ்கலேட்டர் குலுங்கி நின்றது. ரவி முழங்காலில் விழுந்தார். முந்தானை எங்கேயும் மாட்டியிருக்கவில்லை. கவிதா அதைச் சும்மா எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

செக்யூரிட்டி வந்து இங்கிலீஷில் கேட்டார். "சாரி, சாரி" என்பதைத் தவிர எனக்கு எதுவும் வரவில்லை. கவிதா பரவாயில்லை என்றார். ரவி முழங்காலில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு சொன்னார்: "கம்பெனி வேலைய கம்பெனியோட வுட்டுட்டு வரணும்ணா. இங்க யாரு கேட்டா ஒங்கள?"

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் போன் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்துப் பக்கம் ஒரு மேஜையாகத் தேடி உட்கார்ந்தேன். ஊர் சுற்றியதில் எனக்கு ஞாபகம் இருப்பது பஸ்ஸின் கடைசி சீட்டுதான்.

2. கேன்டீனில்

நவீன் டூர் வாட்ஸப் குழுவில் போட்ட வீடியோ, கை மாறிக் கை மாறி, நான் ஊர் திரும்புவதற்கு முன்பே எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டது. எனக்கு 'எமர்ஜென்சி அண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். கேன்டீனில் சாம்பார் வாளியைத் தூக்கி வருகிறவரைக் காட்டி, "அண்ணா, வாளி ஓடுது, அமுக்கிடுங்க" என்பான் பிரஸ்ஸில் அச்சு மாட்டும் டை செட்டர் முனிராஜ்.

எப்படியாவது பேச்சு முடிந்தால் போதும் என்று இருந்தது. ஒருநாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தப்புதாம்ப்பா. நான் அமுக்கியிருக்கக் கூடாது. ஆச்சா?" என்றேன். சிரித்து ஓய்ந்தார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

3. கன்வேயரில்

தேன்கனிக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற சுதா எங்கள் லைனில் புதிது. ஒரு காலை ஷிஃப்டில், அவளோடு வேலை செய்யும் மஞ்சுளா, கழிவுத் தகடு போகிற ஸ்கிராப் கன்வேயரில் சிக்கிய தகட்டை எடுக்கப் போனாள். கன்வேயரை நிறுத்தாமல் கை வைத்திருக்கக் கூடாது, வைத்தாள். கிளவுஸின் நுனி ரோலருக்குள் போனது. பட்டன் சுதாவுக்குப் பக்கத்தில். அவள் கை அதுவரை போய், நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஓடிப்போய் அமுக்குவதற்குள் மஞ்சுளா கிளவுஸைவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். ஒரு நகம் பிய்ந்துவிட்டது. கிளவுஸ் அந்தப் பக்கம் கந்தலாக விழுந்தது.

மஞ்சுளாவை ஃபர்ஸ்ட் எய்டுக்கு அனுப்பிவிட்டுச் சுதாவிடம் கேட்டேன். "ஏம்மா அமுக்கல?"

"மாட்டுச்சா இல்லயான்னு சரியா தெரியலண்ணா. சும்மா அமுக்கிட்டா ஒங்களச் சிரிச்ச மாதிரி சிரிப்பாங்கன்னு... அமுக்கியிருக்கக் கூடாதுன்னு கேன்டீன்ல நீங்களே சொன்னீங்களே."

மாலில் அத்தனை பேர் பார்க்க நின்றபோதுகூட எனக்கு அப்படிக் கூசவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் மீட்டிங்கில் நானே பேசுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எஸ்கலேட்டர் கதையை முழுதாகச் சொன்னேன். ரவி விழுந்ததைச் சொன்னபோது முனிராஜ் சிரித்தான். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். "அன்னிக்கு அமுக்குனது தப்பில்ல. கேன்டீன்ல தப்புன்னு சொன்னேன் பாருங்க, அதான் தப்பு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முனிராஜ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரவியின் முழங்காலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கழுவிக்கொள்ள நான் சொன்ன சொல்லை இன்னொருத்தி நம்பிவிட்டாள். உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பை நிறுத்துவதற்காக மட்டும், நீங்கள் செய்ததைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் ஷாப்பில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாரும் ஒருமுறை சிவப்பு பட்டனை அமுக்கி, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டிங் முடிந்ததும் சுதா கன்வேயரை ஓடவிட்டு அமுக்கினாள். நின்றது. மறுபடி ஓடவிட்டு இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.