பத்து நிமிடத்தில் நான் வராவிட்டால்

டோரின் என் தமையன் கிளறன்ஸின் தலைப்பிள்ளை. கொட்டாஞ்சேனையிலே தவழ்ந்து, கொட்டாஞ்சேனையிலே படித்து, கொட்டாஞ்சேனையிலேயே அம்மாள் வருத்தம் வந்து மாறினவள். ஆனால் அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் பேசாலை, மன்னார் என்றிருக்கும். என் மச்சாள் மெற்றில்டாவின் தாய்வீடு அங்கே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள், பெற்றாள், பிள்ளைக்குத் தலை நின்றதும் திரும்பி வந்துவிட்டாள். அடுத்தவன் ஒஸ்வால்ட் இங்கே கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கூரை. சோதனைச் சாவடியில் தம்பியின் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அக்காவின் அட்டையைப் பார்த்தால், வடக்கில் பிறந்தவள் என்று, "பொட்டக் இன்ன" எனச் சிங்களத்தில் ஓரமாக நிற்கச் சொல்லுவார்கள். அவளும் நிற்பாள். கைப்பையில் எப்போதும் ஒரு குடையும் தின்ன ஒரு பணிஸும் இருக்கும், நிற்கிற நேரத்துக்கு.

தகப்பன் காலமான வருசம், டோரின் துறைமுகத்தை ஒட்டின தெருவில் ஒரு கிளியரிங் ஒபிஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கப்பலில் வருகிற சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் எழுதி வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒபிஸ் அது. முதலாளி வெள்ளவத்தைத் தில்லைநாதன். டைப்ரைட்டர் போய்க் கொம்பியூட்டர் வந்தபோது மற்றவர்கள் தொடப் பயந்தார்கள். டோரின் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்து வந்தாள். பிறகு அந்த ஒபிஸில் எந்தப் பெட்டி முரண்டு பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கலியாணம் சரிவரவில்லை. ஒஸ்வால்ட் இத்தாலிக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். தாயும் மகளும் அவளுடைய சம்பளத்தில்தான் சீவித்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, வன்னியில் சண்டை மும்முரமாக இருந்த நேரம், அந்தத் தெரு முழுக்க உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வந்தது. பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒபிஸில் எல்லாருக்கும் பாஸ் வந்தது. டோரினுடையது மட்டும் வரவில்லை. பிறந்த ஊரிலிருந்து விசாரித்துப் பதில் வரவேண்டுமாம். மன்னார் இருந்த இருப்பில் யார் பதில் அனுப்புவது?

அந்த நேரம் பார்த்து ஒபிஸின் பழைய கொம்பியூட்டர் சாகக் கிடந்தது. சுங்கப் பத்திரம் போடுகிற புரோகிராம் அதில்தான் இருந்தது. அதை எழுதின மனிதர் கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். புது மெஷின்களில் அது ஓடாது. தில்லைநாதன் ஒரு சேர்வரை வாங்கி வைத்திருந்தார். அதற்குத் திரையும் இல்லை, சொடுக்குகிறதற்குப் படங்களும் இல்லை. தூரத்திலிருந்து ஒரு வரி எழுதினால் அது ஒரு வரி பதில் எழுதும், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கிற சுவாமியாரைப்போல, முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

முதலாளி ஒருநாள் டோரினுக்குப் போன் எடுத்தார். நான் அந்த நேரம் மெற்றில்டாவோடு போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கதைக்கிறது கூடத்துக்கே கேட்டது.

"பிள்ளை, பழையது இண்டைக்கும் நிண்டுட்டுது. புதுசு சும்மா குந்திக்கொண்டு கிடக்கு."

"சேர், பழையதை அப்பிடியே புதுசுக்குள்ள குடியேத்தலாம். நான் வீட்டிலயிருந்தே செய்வன். இன்டர்நெட் லைன் இருந்தாக் காணும்."

"கண்ணால பாக்காமலோ?"

"அதில பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லையே சேர்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் போயா லீவுக்குள்ள முடிச்சுத் தாரும். ஏலாட்டி, பாஸ் இருக்கிற ஒராளை உம்மட கதிரைக்கு எடுக்கத்தான் வேணும். கோவிக்காதையும் பிள்ளை, எனக்கும் வேற வழியில்லை."

டோரின் போனை வைத்துவிட்டு ஒரு துண்டு போஞ்சியைப் பச்சையாக எடுத்துக் கடித்தாள்.

செய்யப் போகிற வேலையை அவள் எனக்கு விளங்கப்படுத்தின விதம் இதுதான். வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு பக்கத்தைத் தடுத்து அனெக்ஸ் என்று வாடகைக்கு விடுவார் அல்லவா? குடியிருக்கிறவருக்குத் தனிக் குசினி, தனி வாசல். அவர் தனக்கு ஒரு முழு வீடு இருக்கிறது என்ற நினைப்பில் இருப்பார். அதேபோலப் புது மெஷினுக்குள் ஒரு அனெக்ஸ் கட்டி, பழைய மெஷினைச் சட்டி பானையோடு அதற்குள் கொண்டுபோய் இருத்துகிறது. வேர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர்.

ஒபிஸுக்காகத் துறைமுகத்துக்குள் அலைகிற வாஃப் கிளார்க்காக இருந்தவர் மீரா சாஹிப். கொம்பனித்தெருக்காரர், பாஸ் உள்ளவர். டோரின் போனில் சொல்லச் சொல்ல அவர்தான் பழைய பெட்டியைத் திறந்து அதன் டிஸ்க்கைக் கழற்றிச் சேர்வரில் கொளுவிவிட்டார். அதிலுள்ளதெல்லாம் பிரதியாகி முடிய ஒரு முழுப் பகல் போனது. அடுத்தநாள் டோரினின் சின்ன மடிக்கணினியில், அந்தக் குருட்டு மெஷினுக்குள்ளிருந்து, பழைய நீலத் திரை எழும்பி வந்தது. "அம்மா, ஆள் உள்ளுக்குள்ள வந்து இருந்திட்டுது!" என்று கத்தினாள்.

ஆனால் அனெக்ஸ்காரருக்குத் தெருவுக்கு வாசல் இல்லை. ஒபிஸ் மேசைகளிலிருந்து அந்தப் புரோகிராமைத் தொட வேண்டுமென்றால், வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து பாவிக்கிற ஒரு பொதுப் படலை போடவேண்டும். அதைப் போடும்போது வீட்டின் முன்கதவையே கழற்ற வேண்டிவரும். கதவைக் கழற்றுகிறவளோ அந்தக் கதவால் வந்து நிற்கிறவள். கழற்றின கையோடு லைன் அறுந்தது. மற்ற மேசைகளின் லைனும் சேர்வர் வழியாகவே போனபடியால் ஒபிஸ் முழுவதும் நின்றது. டோரின் மீரா சாஹிப்புக்குப் போன் எடுத்தாள்.

"நானா, மெஷின் என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யல்ல தங்கச்சி. பச்சை லைட் ஒண்டு கண்ணடிச்சிக்கிட்டு ஈக்குது."

"முன்னுக்கு ஒரு பட்டன் இருக்கு. அமத்திப் பிடிங்கோ."

"அமத்தினா உசிர் போயி மவுத்தாகிருமா?"

"மவுத்தாகி எழும்பும் நானா."

"மூணாம் நாளா? ஒங்கட கணக்குக்கு எனக்கு டைம் இல்ல தங்கச்சி, கொன்டேனர் நிக்குது!"

டோரின் அந்த மாற்றத்தை நிரந்தரமாக எழுதி வைக்காதபடியால், மெஷின் பழையபடியே எழும்பியது. தில்லைநாதன் மட்டும் எழும்பிக் குதித்தார். வேலை நாளில் இனி அதைத் தொடக்கூடாது, போயாவன்று செய்யும், அதோடு சரி என்றார். போயா என்றால் பௌர்ணமி விடுமுறை, ஒபிஸ் பூட்டு. அந்த நாட்களில் பாஸ் உள்ளவர்களையும் விடுமுறையில் உள்ளே விடுவதில்லை. லைன் அறுந்தால் பட்டனை அமத்த ஆள் இருக்காது. மறுநாள் காலையில் ஒரு கப்பலின் பத்திரங்கள் போயாக வேண்டும்.

மீரா சாஹிப்பிடம் இதைச் சொல்லி அவள் அழுவாரைப்போலக் கதைத்தாள். அவர் சொன்னார், "அப்ப ஒங்கட மெஷினுக்கும் வீட்டுல சொல்லிட்டுப் போற மாதிரி சொல்லிட்டுப் போங்களேன் தங்கச்சி." பகிடிக்குத்தான் சொன்னார். டோரினும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள். வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் சொல்லிவிட்டுப் போவது என்றால், சாவடிகளில் ஆள் பிடிபடுகிற அந்தக் காலத்தில் கொழும்புத் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். படலையைத் தாண்டுகிறவர், "இத்தனை மணிக்குள்ள நான் வரேல்லையெண்டா இன்னாருக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லாமல் தாண்டமாட்டார். எங்கள் வீடுகளில் அந்த இன்னார் பங்குச் சுவாமியார். ஒருமுறை ஒஸ்வால்ட் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனான். ஆறரையாகியும் ஆளைக் காணவில்லை. மெற்றில்டா ஃபாதருக்குச் சொல்லி, ஃபாதர் ஒரு லோயரைப் பிடித்து, நாங்கள் எல்லாரும் மழைக்குள் பொலிசுக்குப் போய் நின்றோம். பார்த்தால் அவன் ஆறு மணிக்கே பின்வாசலால் வந்து, மேலே ஏறிப் படுத்து நித்திரை. திரும்பி வந்து பார்க்கும்போது மேசையில் இருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தான்.

"வந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சுபோமோடா?" என்று மெற்றில்டா செருப்பைக் கழற்றினாள். ஃபாதர்தான் நடுவில் போய் நின்றார். ஒரு அடி அவருக்கும் பட்டது.

போயாவன்று காலையில் நான் போனபோது டோரின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"மாமி, ஆயத்தம். புறப்பட முதல் அதுக்குச் சொல்லி வைக்கப் போறன்."

"என்னெண்டு?"

"பத்து நிமிசத்தில நான் வந்து, வந்திட்டன் எண்டு சொல்லாட்டி, எல்லாத்தையும் முந்தி இருந்தபடியே வைச்சிடு எண்டு."

"அதுக்கு ஃபாதர் ஆர்?"

"அதேதான் மாமி. தனக்குத் தானே ஃபாதர்."

சிலுவை போட்டுக்கொண்டு விசையைத் தட்டினாள். லைன் போனது. முன்போலவே ஒரு பதிலும் இல்லை. மெற்றில்டா குசினிக்குள் சத்தமில்லாமல் செபமாலை உருட்டத் தொடங்கினாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டோரின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், தவறி எதையாவது தட்டிவிடக் கூடாது என்று.

பத்து நிமிடம் முடிந்து சற்று நேரத்தில், முழுகினவர் தண்ணிக்கு மேலே தலை நீட்டினதுபோல, திரையில் மெஷினின் வரி திரும்ப வந்தது. மெஷின் அவளைக் காணாமல், எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு நின்றது.

"சொன்ன சொல் கேட்டிருக்கு மாமி!" அவள் கண்ணில் தண்ணி. வேலை சரிவரவில்லை, ஆனால் ஒன்றும் கெடவும் இல்லை. இனிப் பயமில்லாமல் எத்தனை தரமும் புறப்படலாம்.

பிழையையும் கண்டுபிடித்தாள். புதுப் படலை போட்டவள் வீட்டு இலக்கத்தைப் பழைய கதவிலேயே விட்டிருந்தாள். தபால்காரன் எங்கே தேடுவான்? இலக்கத்தைக் கழற்றிப் படலையில் மாட்டி எழுதினாள். திரும்பவும் பத்து நிமிடம் சொல்லி வைத்தாள். தட்டினாள். லைன் ஒருமுறை திக்கியது, பிறகு வந்துவிட்டது. அனெக்ஸ்காரரும் தன் வாசலில் வந்து நின்றார்.

பிறகு நடந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. மெற்றில்டா கத்தரிக்காய்க் கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் டோரினைக் கட்டிப்பிடித்தேன். அவள் முதலாளிக்குப் போன் எடுத்தாள். அவர் வெள்ளவத்தையில் தன் கொம்பியூட்டரைத் திறந்து, லைன் பிடித்து உள்ளே போய், பழைய புரோகிராமைக் கண்டுவிட்டார்.

"ஓம் பிள்ளை, தெரியுது! எல்லாம் அப்பிடியே கிடக்கு. சிமெந்துக் கப்பலின்ர பத்திரமும் இருக்கு. கெட்டிக்காரி! நான் அப்பவே மனுசிக்குச் சொன்னனான்... ஐயோ, என்னப்பா, லைன் போயிட்டுதே!"

டோரின் நெற்றியில் அடித்தாள்.

"அம்மா, நான் ஒஸ்வால்டின்ர வேலை பாத்திட்டன்!"

"என்னடி?"

"நான் வந்திட்டன். வந்திட்டன் எண்டு அதுக்குச் சொல்லேல்ல. அது பத்து நிமிசம் பாத்திட்டு..."

"லோயரிட்டப் போயிட்டுது," என்றாள் மெற்றில்டா. அவளுக்குக் கொம்பியூட்டரைப் பற்றி யாரும் அதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் போனுக்குள் தில்லைநாதன் "பிள்ளை? பிள்ளை?" என்று கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. கத்தரிக்காயும் அடிப்பிடித்துவிட்டது.

மூன்றாம் தரம் லைன் வந்த உடனே, வேறொன்றும் பார்க்காமல், வாயால் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள், "வந்திட்டன். தேட வேண்டாம்." அதன் பிறகுதான் அந்த மாற்றத்தை நிரந்தரமாக எழுதி வைத்தாள். கருகின கறியோடு சோறு தின்றோம். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் கப்பலின் பத்திரங்கள் நேரத்துக்குப் போயின. மீரா சாஹிப் போன் எடுத்து, "தங்கச்சி, ஒங்கட அனெக்ஸ்காரர் சொகமா ஈக்கார்" என்றார். தில்லைநாதன் அந்தக் கதிரையில் வேறு ஒருவரையும் இருத்தவில்லை. டோரின் வீட்டு மேசையிலிருந்தே மாதக்கணக்காக ஒபிஸை நடத்தினாள். அவளுடைய கதிரையில் மீரா சாஹிப் தன் குடையை வைத்திருந்தாராம், யாரும் இருந்துவிடக்கூடாது என்று.

அந்த வருசம் நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, மன்னாரிலிருந்து எப்படியோ பதில் வந்து, பாஸும் வந்தது. முதல்நாள் காலையில் டோரின் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, "எட்டரைக்குள்ள போய்ச் சேந்திடுவன், போனதும் போன் எடுப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீரா சாஹிப் குடையை எடுத்துக்கொண்டு அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாராம். அலமாரித் தட்டில், தூசி மூடி, பிஸ்கட் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான்.

"இதுதான் ஒங்கட ஆள்," என்றாராம்.

அவள் தன் கைலேஞ்சியால் அதன் தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. மெற்றில்டா. மணி ஒன்பதாகப் போகிறது.

"ஐயோ அம்மா! ஃபாதருக்கு இன்னும் சொல்லேல்லைத்தானே?"

"சொல்லிட்டன். அவர் சேர்ட்டு மாத்துறார். கெதியா நீயே எடுத்துச் சொல்லு."