நிற்காத பெட்டியும் சிக்கலாம் என்ற எச்சரிக்கையும்

ஒரகடத்தில், வண்டிகளுக்குக் கேமரா பெட்டி செய்யும் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பெட்டியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அடித்தளமான கெர்னலில், கேமராவை இயக்கும் பகுதி என் பொறுப்பு. ஒரு நாள் காலை, டெஸ்ட் மேசைத் திரையில் எழுத்தாகக் கொட்டியது. பிடித்திருக்கும் பூட்டையே மறுபடி பிடிக்கப் பார்க்கிறாய், சிக்கிக்கொள்ளலாம் என்றது.

டெஸ்ட் மேசை, மண்ணூரிலிருந்து வரும் ஒரு அக்காவின் பொறுப்பு. பெட்டியைக் காட்டினார்.

"நல்லாத்தான ஓடிக்கினு கீது? எங்க சிக்கிச்சு?"

"சிக்கலக்கா. சிக்கலாம்னு சொல்லுது."

"எப்போ?"

எச்சரிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொட்டுவிடாமல் காப்பதுதான் கெர்னலில் பூட்டு. ஒன்று பிடித்திருக்கும் பூட்டுக்காக மற்றதும், மற்றது பிடித்திருப்பதற்காக இதுவும் காத்திருந்தால் இரண்டும் நகர முடியாது. அதுவரை புரிந்தது. ஆனால் என் பகுதியில் முன் கேமராவுக்கு ஒன்று, பின் கேமராவுக்கு ஒன்று என இரண்டு பூட்டுகள். எங்கே ஒன்றையே இரண்டு முறை பிடித்தேன்?

மதியம்தான் பிடிபட்டது. அந்த எச்சரிக்கையைத் தந்த, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்புக் கருவி பூட்டுகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. நிரலின் ஒரே இடத்தில் உருவானவற்றை ஒரே இனமாகப் பார்க்கிறது. எப்போதும் முன் கேமராவின் பூட்டு முதலில், பின் கேமராவினது அடுத்து என்று அதற்குச் சொல்லிவைத்தேன். எச்சரிக்கை போய்விட்டது.

போன இடத்தில் வேறொன்று வந்தது. இந்த முறை கேமரா பூட்டும், பெட்டியின் மின்சாரத்தைக் கவனிக்கும் பகுதியின் மின்சாரப் பூட்டும் ஒன்றுக்கொன்று காத்து வட்டமாகச் சிக்கலாமாம். என் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது மறைந்து பழையது திரும்பியது. அப்படியென்றால் நானேதான் இதைக் கெடுத்தேனா?

பக்கத்து இருக்கைத் தோழி திருநெல்வேலிக்காரி. கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, அது ஒரு தடவதான் கத்தும். கத்துனதுக்குப் பொறவு பாக்குறதையே விட்டுரும். ரெண்டாவது மொதல்லயே இருந்திருக்கும்லா."

பொய்யான எச்சரிக்கை உண்மையானதை மறைத்துக்கொண்டிருந்ததா! இரண்டாவதை மேலிருந்து கீழாகப் படித்துப் படித்துக் குழம்பினேன். வரிசை தலைகீழாகத் தரப்பட்டிருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. கீழிருந்து படித்ததும் தெரிந்தது: கேமராவைத் தொடங்கும்போது கேமரா பூட்டு, பிறகு மின்சாரப் பூட்டு. பெட்டி உறக்கத்துக்குப் போகும்போது நேர் எதிர். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் போச்சு.

திருத்துமுன் அதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். அக்காவும் நானும் மாறி மாறிப் பெட்டியை உறங்கவைத்து எழுப்பினோம். ஒரு முறைகூட நிற்கவில்லை.

"இன்னாம்மா இது, கெட்டுப்போவ மாட்டேங்குது?" என்றார் அக்கா. அவர் குரலில் ஏமாற்றம். எனக்கும்தான்.

இரண்டு இடத்திலும் மின்சாரப் பூட்டே முதலில் என்று மாற்றினேன். திரை அமைதியானது. இந்த அமைதியை நம்பவும் பயமாக இருந்தது. கருவி விழித்துத்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால், நிரலில் ஒருமுறையாவது ஓடிய வழிகளைத்தானே அதற்கும் தெரியும்?

டீம் லீடர் திருத்தத்தைப் பார்த்துவிட்டு, "நிக்கவேயில்லன்றீங்க, அப்புறம் எத சரி பண்ணீங்க?" என்று கேட்டார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் முதலில் பிடிக்கும் பூட்டு எது, அடுத்தது எது என்று எனக்கே தடுமாறியது. கடைசியில் அவர் ஏற்றுக்கொண்டார். என் விளக்கத்துக்காகவா, நான் நிறுத்தமாட்டேன் என்று தோன்றியதாலா, தெரியாது.