ஃபெலிமின் ஆள்காட்டி விரல்

எதிரே வண்டி தெரிந்தால் ஃபெலிம் மெக்கெர்னனின் கைகள் ஸ்டியரிங்கை விடாது. வலது ஆள்காட்டி விரல் மட்டும் எழும். அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில் அதுதான் வணக்கம். கையை முழுதாக ஆட்டுபவன் வெளியூர்க்காரன்.

லீட்ரிம் சாலைகளுக்கு நேராகப் போகத் தெரியாது. குன்றைச் சுற்றினால் ஏரி, ஏரியைச் சுற்றினால் அடுத்த குன்று. சாலை நடுவே புல். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கி யாராவது ஒருவரின் வயல் கேட்டில் ஒதுங்க வேண்டும்.

"இந்த மண்ணுல மாடு மெலியும், டிராக்டர் புதையும், கோரை மட்டும்தான் கொழுக்கும். எதிர்ல ஒருத்தன் வர்றதே அதிசயம்," என்பார் ஃபெலிம்.

பக்கத்து இருக்கையில் மனைவி அட்ராக்டா விடமாட்டாள்.

"யாரு அது?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு விரலு?"

"நம்ம சேத்துலதானே உருண்டு போறான், பாவம்."

கல்யாணமான நாள் முதல் இதே பேச்சு.

பிப்ரவரியில் அட்ராக்டா இறந்தாள். ஊரே வரிசையில் வந்து துக்கம் கேட்டுக் கைகுலுக்கிப் போனது. அதன்பின் விரல் எழவில்லை. மே மாதத்துக்குள் பாதி மாவட்டத்துக்கு மனத்தாங்கல். மாட்டுச் சந்தையில் பக்கத்துப் பண்ணை பெர்னி, ஃபெலிமின் மகள் ஓர்னாவை மடக்கினார்.

"உங்கப்பனுக்கு எம்மேல என்னம்மா கோவம்? அவன் ஆசப்பட்டத நான் வாங்கிட்டேனே, அந்தக் காளைக்கன்னு விஷயமா? வேணும்னா அவனே ஓட்டிக்கிட்டுப் போகட்டும். தின்னே தீக்குது அது!"

ஓர்னா வடிகால் பொறியாளர். தண்ணீர் தேங்கும் இடத்தைப் பார்த்தே அடைப்பு எங்கே என்று சொல்லிவிடுவாள். அப்பாவிடம் அந்தப் படிப்பு எடுபடவில்லை. அம்மா பேச்சை எடுக்கப் போனால் அவள் வாயில் வருவதும் வடிகால் பேச்சுதான்.

சந்தையிலிருந்து திரும்பும்போது அம்மாவின் இருக்கையில் அவள். ஏரி வளைவில் நீலக் கார் ஒன்று வந்தது. ஓர்னா விரலை உயர்த்தினாள்.

ஃபெலிம் பின்கண்ணாடியில் அந்தக் காரைப் பார்த்தார். பிறகு, "யாரு அது?"

"தெரியாதுப்பா."

"பின்ன எதுக்கு விரலு?"

"நம்ம சேத்துலதானே உருண்டு போறான், பாவம்."

ஃபெலிம் மூக்கை உறிஞ்சினார். "அவ கேள்விய நான் கேக்குறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னா நம்பவேமாட்டா."

அடுத்த திருப்பத்தில், சாலையை அடைத்துக்கொண்டு ஒரு சுற்றுலா வேன். ஃபெலிம் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு கேட்டோரம் ஒதுங்கினார். வேனுக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று அத்தனை பேரும் இரண்டு கைகளையும் ஆட்டினார்கள்.

ஸ்டியரிங்கின்மேல் ஆள்காட்டி விரல் எழுந்தது. வேன் கடந்து போன பிறகும் அது இறங்கவில்லை.